நந்தன வருஷமும் ஒரு பொத்தான் பேட்டரியும்

ஓலைச்சுவடிகளோடு சிறிதேனும் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். ஏடு பெயர்த்தெழுதியவர் கடைசி ஓலையில் ‘நந்தன வருஷம் ஐப்பசி மாதம்’ என்று குறித்துவைத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அது ஐயத்துக்கு இடமற்ற குறிப்பு. நமக்கோ, அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் நந்தனங்களுள் இது எது என்ற கேள்வி எஞ்சும். 1652, 1712, 1772 எல்லாமே நந்தனம்தான். கிழமையும் நட்சத்திரமும் சேர்த்து எழுதியிருந்தால் பிழைத்தோம், எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ தொகுதிகளைப் புரட்டி ஒருவாறு கணித்துவிடலாம். இல்லாவிட்டால் அகச்சான்று தேட வேண்டியதுதான்.

இதை வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். இதே குழியில் நானும் விழுவேன் என்று எண்ணியதில்லை. விழுந்த ஆண்டும், பொருத்தமாக, நந்தன வருஷமே.

2012இல் இராயபுரம், காசிமேடு பகுதிகளில், துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த சில முதியவர்களைச் சந்தித்து, அவர்களுடைய நினைவுகளையும் பாரம் இழுக்கும்போது பாடிய பாட்டுகளையும் பதிந்துவந்தேன். அவர்களுள் ஒருவர், தாம் முதன்முதலாகக் கப்பலின் அடித்தளத்தில் இறங்கிய இரவைப் பற்றி வெவ்வேறு சமயங்களில் மூன்று முறை சொன்னார். ஒன்றில் தகப்பனார் முன்னே இறங்குகிறார். இன்னொன்றில் மேஸ்திரி கையைப் பிடித்து இறக்கிவிடுகிறார். மூன்றாவதில் யாருமில்லை, அவர் தனியே இறங்குகிறார், அங்கே ஒரு பாட்டும் பிறக்கிறது. வாய்மொழி வழக்காற்றில் எது மெய் என்பதைவிட எது முன், எது பின் என்பது முக்கியம். நினைவு எந்தத் திசையில் வளர்ந்தது என்பதை அது காட்டிவிடும்.

மூன்றையும் திருவொற்றியூர் வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து சேமித்திருந்தேன். கட்டுரை எழுத உட்கார்ந்தபோது கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். மூன்றுமே 2002 ஜனவரி 1. மூன்றும் நள்ளிரவு கடந்த ஓரிரு மணி நேரத்தில் எழுதப்பட்டவையாம்.

குற்றம் முழுக்க என்னுடையது. ஏறக்குறைய எட்டு மாதங்களாகக் கணிப்பொறியைத் திறக்கும்போதெல்லாம் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது: சீமாஸ் கூட்டுத்தொகை பிழை, இயல்பு அமைப்புகள் ஏற்றப்பட்டன, தொடர எஃப்1 அழுத்துக. நானும் அழுத்தினேன். வீட்டில் அப்போது இணையம் இல்லை. ஆகவே தேதியைத் திருத்த வெளியிலிருந்து எவரும் வரவில்லை. பழுது பார்க்க வந்த இளைஞர், “பேட்டரி போச்சு சார், முப்பது ரூபா விஷயம்” என்றார்.

அந்த முப்பது ரூபாய் விஷயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பயாஸ் என்பது கணிப்பொறி விழித்தெழும்போது முதலில் ஓடும் நிரல். அந்தப் பெயரே 1970களில் கேரி கில்டால் எழுதிய சி.பி.எம். இயங்குதளத்திலிருந்து வந்தது. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் தனியாள் கணிப்பொறியில் பயாஸ் இருந்தது, ஆனால் அணைத்த பின்னும் ஓடும் கடிகாரம் இல்லை. எவ்வளவு நினைவகம், என்ன திரை என்பவற்றை உள்ளேயிருந்த குட்டிக் குட்டி விசைகளைத் தள்ளிக் குறித்தார்கள். பல்லுக்குத்தும் குச்சியால் தள்ளினாலும் அவை நகரும். மின்சாரம் போனாலும் மறக்காது. நாளையும் நேரத்தையும் மட்டும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி பயனரிடம் கேட்டது.

இப்படிக் கேட்டு வாங்குவது இராயபுரத்துக்குப் புதிதன்று. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த இராயபுரம் நிலையத்துக் கடிகாரத்துக்கும் நேரம் வெளியிலிருந்துதான் வந்தது. நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் வகுத்த சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. கோட்டையில் இரவு எட்டு மணிக்குப் பீரங்கி முழங்க, ஊர் தன் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் நின்றதால் இந்த நேரத்தையே இந்திய இரயில்வேக்கள் பின்னர் மேற்கொண்டன. 1906 ஜனவரி 1இல் இந்தியச் சீர்நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. நேரம் என்பது ஓரிடத்திலிருந்து வழங்கப்படுவது. மற்ற கடிகாரங்கள் தவறுவதும் திருத்தப்படுவதும் இயல்பு என்ற ஏற்பாடு அது.

1984இல் ஐ.பி.எம்.மின் ஏ.டி. கணிப்பொறி இந்த ஏற்பாட்டை மாற்றியது. மோட்டோரோலாவின் எம்.சி.146818 என்ற சில்லில் ஒரு கடிகாரமும் 64 பைட் நினைவகமும் ஒன்றாக இருந்தன. கடிகாரத்துக்கு 14 பைட். எஞ்சிய 50 பைட்டில் கணிப்பொறியின் அமைப்புகள். நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தை நம்பி, சிறு பேட்டரி ஒன்றின் துணையோடு, அணைத்த பின்னும் அது காலத்தை எண்ணிக்கொண்டிருந்தது. குச்சியால் தள்ளிய விசைகள் போயின. அவை இருந்த இடத்தில் தொடர்ந்து ஊட்டினால் மட்டுமே நிலைக்கும் நினைவு வந்தது. காலத்தையும் அமைப்பையும் ஒரே பேட்டரியில் கட்டியதன் விளைவுதான் இன்றைக்கும் நாம் படும் பாடு: ஒன்று மறந்தால் மற்றதும் மறக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சில்லு ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதியது. நூற்றாண்டை ஐ.பி.எம். வேறொரு பைட்டில் தனியே குறித்துவைத்தது; 2000 பிறந்தபோது அதை மாற்றத் தெரியாத பயாஸ்களால்தான் கவலையின் ஒரு பகுதி எழுந்தது. நம் ஏடெழுதியவர்களின் வழக்கம் அறுபதாண்டு, அவர்களுடையது நூறாண்டு. நாற்பதாண்டு கூடுதல், அவ்வளவே.

எது எப்படியிருப்பினும் என் பேட்டரி ஏன் அவ்வளவு சீக்கிரம் இறந்தது? சி.ஆர்.2032 என்ற பெயரே அதன் உடலைச் சொல்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். கடிகாரம் உறிஞ்சுவது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் கணிப்பொறி அணைந்திருந்தாலும் சுவர்ச் செருகியில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலிருந்தே உண்கிறது. பேட்டரி சும்மா இருக்கிறது. சுவரில் விசையை அணைத்தால்தான் பேட்டரி உழைக்கத் தொடங்கும். இரவில் எல்லா விசைகளையும் அணைத்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் ஒரு சடங்கு. அதற்குமேல் 2012இன் மின்வெட்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். (1970இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையம் 2017இல் மூடப்பட்டது.) கடற்காற்றும் தன் பங்கைச் செய்தது. சன்னல் கம்பியைத் தின்னும் உப்பு பேட்டரியைப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டை விட்டுவைக்குமா? இளைஞர் எடுத்துக் காட்டியபோது அதில் பச்சை பூத்திருந்தது. புதிய பேட்டரியை அப்படியே பொருத்தியிருந்தால் சில வாரங்களில் பழைய கதைதான். தகட்டைச் சுரண்டித் துடைத்து, சற்றே நிமிர்த்திவிட்டுப் பொருத்தினார்.

அவரிடம் அன்று கற்றதை இதே நோய் கண்ட நண்பர்களுக்காகக் குறிக்கிறேன். தேதியும் அமைப்பும் சேர்ந்து போனால், அதுவும் சுவர் விசையை அணைத்துப் போட்டால் மட்டும் போனால், பேட்டரியையோ அதன் தகட்டையோ பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அளக்கலாம். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும், 2.7க்குக் கீழே இறங்கியதை நம்ப வேண்டாம். தேதி சரியாக இருந்து அமைப்புகள் மட்டும் மாறினால் பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள். நினைவக அட்டை சரியாக அமராமலோ, வேகத்தை மிகையாக ஏற்றிவைத்ததாலோ கணிப்பொறி எழ முடியாமல் தடுமாறி, தன்னைக் காத்துக்கொள்ள இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கும். அழிப்பதற்கென்று தாய்ப்பலகையில் உள்ள இணைப்பூசி தவறான இடத்தில் மாட்டப்பட்டிருப்பதும் உண்டு. பேட்டரியைக் கழற்றுமுன் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வன்வட்டு எந்த முறையில் இயங்கியது என்ற ஒரு வரி மாறினாலே விண்டோஸ் எழாமல் போகும். இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் அமைப்புகள் மின்சாரம் வேண்டாத நினைவகத்துக்குப் போய்விட்டன. கடிகாரத்துக்கு மட்டும் பேட்டரி இன்னும் வேண்டும். தேதி பின்தங்கினால் இணையதளங்களின் சான்றிதழ்களை உலாவி ஏற்காது. ஆகவே இப்போதெல்லாம் என்னைப்போல் எட்டு மாதம் எஃப்1 அழுத்திக் கழிக்க முடியாது.

என் கோப்புகளுக்கு வருகிறேன். ஒலிநாடாவைக் கேட்கலாமே என்பீர்கள். சிக்கனம் கருதி, தட்டச்சு முடிந்ததும் அதே நாடாவில் அடுத்தவரைப் பதிந்துவிட்டேன். குறிப்பேட்டில் தேதி எழுதவில்லை. கணிப்பொறி எழுதுகிறதே என்ற நம்பிக்கை. மாணவர்கள் இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

கடைசியில் வகுப்பில் சொல்லும் வழியைத்தான் கடைப்பிடித்தேன். மேஸ்திரி கைபிடித்து இறக்கிய வடிவத்தில், பேச்சு நடுவே, நங்கூரம் இழுபட்டுக் கரைதட்டிய எண்ணெய்க் கப்பலைப் பற்றி அவர் இரண்டு வாக்கியம் சொல்கிறார். படகு கவிழ்ந்து இறந்த பையன்களுக்காக வருந்துகிறார். அது ‘பிரதிபா காவேரி’. நீலம் புயலன்று, 2012 அக்டோபர் 31இல், சென்னைக் கரையில் தட்டிய கப்பல். ஆக அந்த வடிவம் ஐப்பசி பாதிக்குப் பிந்தியது. எஞ்சிய இரண்டிலும் ‘கரண்டு போயிடுச்சு’ என்ற ஒரு வரி இருக்கிறது. அந்த ஆண்டில் அது எந்த நாளுக்கும் பொருந்தும்.

தகப்பனார் இறங்கிய வடிவம் முந்தியதா, தனியே இறங்கியது முந்தியதா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த முதியவர் இப்போது இல்லை. கட்டுரையில் இரண்டையும் அருகருகே அச்சிட்டு, காலம் அறியப்படவில்லை என்று அடிக்குறிப்பு எழுதினேன்.