ஐம்பத்தைந்தாம் வயதில் கைக்கு வந்த பணம்



பணி ஓய்வை நெருங்கும் சக ஆசிரியர்களும், தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் பணிபுரியும் பெற்றோர் சிலரும் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். ஓய்வுபெறும்போது கைக்கு வரும் பணத்தை எங்கே போடுவது? நான் நிதி ஆலோசகன் அல்லன். ஆயினும் இந்தக் கேள்விக்கு நம் சமுதாயம் இந்நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக ஏதேனும் ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. சில பதில்கள் நன்றாக அமைந்தன, சில அமையவில்லை. அவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் பினாங்குத் துறைமுகத்தில்தான் இறங்கினர். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று தொடங்கப்பட்டது. முதலாளிமார் செலுத்திய தீர்வையைக்கொண்டு தொழிலாளரை இங்கே கொண்டுவரும் கப்பற்செலவை ஈடுகட்டினர். தொழிலாளியின் முதுமைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், ஊருக்குத் திரும்பும் கப்பல் என்பதே அக்காலத்து விடையாக இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தின்போது வயது பாராமல் பல்லாயிரம் பேர் அவ்வாறே திருப்பி அனுப்பப்பட்டனர்.

எனவே சேமிப்பு என்பது அவரவர் பொறுப்பாகவே இருந்தது. ஊரில் காணி வாங்கப் பணம் அனுப்பினர். நகை செய்தனர், அந்நகையே அவசரத்திற்கு அடகுக் கடைக்கும் போயிற்று. பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்களிடம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மிகப் பரவலாக நடந்தது கூட்டு. இதில் ஏமாற்றம் மலிந்தமையால் 1971இல் அரசாங்கம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் நம் சொல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. தமிழ்ச்சொல் ஒன்று மலேசியச் சட்டநூலில் ஏறியதற்கு மகிழ்வதா வருந்துவதா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

ஊழியர் சேமநிதி 1951இல் சட்டமாக்கப்பட்டது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. இந்தியாவில் இதையொத்த அவசரச் சட்டம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. சிங்கப்பூரில் 1955இலும் இலங்கையில் 1958இலும் இத்தகைய நிதிகள் ஏற்பட்டன. அவ்வகையில் மலாயா முந்திக்கொண்டது எனலாம். 1952இல் சந்தா பிடித்தல் தொடங்கியபோது தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். மாதம் நூறு வெள்ளி சம்பாதித்த ஒருவருக்குப் பத்து வெள்ளி சேர்ந்தது என வைத்துக்கொள்ளலாம். தொடக்க ஆண்டுகளில் இலாப ஈவு 2.5 விழுக்காடுதான். பெருந்தொகை அன்று, ஆனால் தொழிலாளி நினைத்தாலும், கங்காணி நினைத்தாலும், மைத்துனர் வந்து கேட்டாலும் 55 வயதுவரை எடுக்க இயலாத பணம். நம் வீட்டுப் பொருளாதாரத்தில் அப்படியொரு பணம் அதற்குமுன் இருந்ததில்லை.

இதற்கிடையே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் மூத்தோர் இன்றும் வேதனையுடன் குறிப்பிடும் நிகழ்வு அது. தோட்டம் போனால் வேலை மட்டுமன்று, வீடும் பள்ளியும் கோயிலும் சேர்ந்தே போயின. துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நிலையில்தான். தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குத்தொகை திரட்டி, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாகப் பல தோட்டங்களை வாங்கினர். சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. அதன் நிருவாகம் பற்றி உறுப்பினர்களிடையே மனக்குறைகள் எழாமல் இல்லை. எனினும் பத்து வெள்ளி கொடுத்தவர் தம் பணம் எந்த மண்ணில் இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

அடுத்து வந்தது மைக்கா ஹோல்டிங்ஸ். 1982இல் அன்றைய ம.இ.கா. தலைவர் ச.சாமிவேலுவின் முயற்சியால் உருவானது. நாட்டின் பொருளாதாரத்தில் இந்தியர் பங்கை உயர்த்துவது அதன் நோக்கம். நோக்கத்தில் குறைகாண இயலாது. ஏறத்தாழ 66,000 பேர் சேர்ந்து ஏறத்தாழ 10 கோடியே 60 லட்சம் வெள்ளியைக் கொட்டிக்கொடுத்தனர். தோட்டத் தொழிலாளர், நகராண்மைக் கழகப் பணியாளர், ஆசிரியர் என எல்லாரும் அதில் அடக்கம். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கினோர் பலர். சமுதாயத்தின் பெயரால் கேட்கும்போது யார்தான் கணக்குக் கேட்பார்? நிறுவனம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1990இல் டெலிகோம் பங்கு ஒதுக்கீடு குறித்து எழுந்த சர்ச்சை நாடறிந்தது. 2010இல் தனியார் நிறுவனம் ஒன்று பங்குக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தபோது, ஒரு வெள்ளி போட்டவர்கள் அதுவாவது கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டனர். வாங்குவதற்குள் காலமாகிவிட்டவர்களும் இருந்தனர்.

விழுக்காடு கற்பிக்கும் ஆசிரியருக்குக் கணக்குப் போடாமல் கை சும்மா இருக்காது அல்லவா? 1984ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஊழியர் சேமநிதியில் இருந்த ஒரு வெள்ளியை எடுத்துக்கொண்டேன். 1987 வரை ஆண்டுக்கு 8.5 விழுக்காடு, பின்னர் 1994 வரை 8 விழுக்காடு, அதன்பின் படிப்படியாகக் குறைந்து 2002இல் 4.25 விழுக்காடு என ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்ட ஈவைக் கூட்டிக்கொண்டே வந்தேன். 2009ஆம் ஆண்டு முடிவில் அந்த ஒரு வெள்ளி ஐந்து வெள்ளிக்கும் மேலாகியிருந்தது. மைக்கா இடையில் வழங்கிய சொற்ப ஈவைக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. இதில் வேடிக்கை என்னவென்றால், சேமநிதியைப் பற்றி மேடையேறி முழங்கியவர் எவருமில்லை.

ஆனால் சேமநிதியும் ஒரு வாசலில் நம்மைக் கைவிட்டது. 1952இல் இருபது வயதில் சந்தா செலுத்தத் தொடங்கிய தொழிலாளிக்கு 1987இல் 55 வயது. உழைத்த காலம் முழுவதும் சந்தா கட்டிய முதல் தலைமுறை அதுவே. 1985, 1986 ஆண்டுகளின் மந்தம் அப்போதுதான் தணிந்திருந்தது. தோட்டங்கள் இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது; ஓய்வு என்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். முப்பத்தைந்து ஆண்டாக எவரும் தொட முடியாத பணம், ஒரே நாளில், மொத்தமாக, காசோலையாகக் கைக்கு வந்தது. அவ்வளவு பெரிய தொகையை அவர் அதுவரை வாழ்வில் கண்டதில்லை. மகளின் திருமணம், மலிவுவிலை வீட்டுக்கு முன்பணம், மகனுக்கு மோட்டார் சைக்கிள், ஒருமுறை தமிழகப் பயணம் என்று செலவுகள் அடுக்கடுக்காய் வந்தன. மொத்தமாக எடுத்தோர் பலர் சில ஆண்டுகளிலேயே அத்தொகையைத் தீர்த்துவிடுகின்றனர் என்று சேமநிதி வாரியமே பலமுறை கூறியிருக்கிறது. அவர்களை ஊதாரிகள் என்று பழிப்பதை நான் ஏற்கமாட்டேன். திருமணமும் வீடும் ஊதாரிச் செலவுகள் அல்ல. சேர்க்கக் கற்றுக்கொடுத்த சட்டம், எடுத்தபின் எப்படி வாழ்வது என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த வாசல் இன்று சற்று மாறியிருக்கிறது. 2013 சூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஐம்பத்தைந்தில் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவைத்தால் நூறு வயதுவரை ஈவு கிடைக்கும். 2024ஆம் ஆண்டுக்கான ஈவு 6.3 விழுக்காடு. மாறாக, பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, அனுமதிக்கப்பட்ட சிறப்பு மீட்புகளால் 145 பில்லியன் வெள்ளி வெளியேறியது. வேலையிழந்த குடும்பங்களுக்கு அப்போது வேறு வழியில்லை. ஆனால் அன்று எடுத்த நாற்பது வயதுக்காரர்கள் இப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓய்வுப் பணத்தை மோப்பம் பிடித்து வருவோரையும் சொல்லியாக வேண்டும். 2017இல் சரிந்த ஜே.ஜே.பி.டி.ஆர். என்னும் அந்நியச் செலாவணித் திட்டம் நம் பினாங்கிலிருந்தே இயங்கியது. மாதத்திற்கு 20 விழுக்காடு தருவதாகச் சொன்னது. சேமநிதி தன் வரலாற்றில் வழங்கிய மிக உயர்ந்த ஈவு ஆண்டுக்கே 8.5 விழுக்காடு என்பதை அறிந்தவர் எவரும் அந்த எண்ணைக் கேட்டதும் எழுந்து போயிருப்பார்.

ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்கள் இது நமக்கன்று என எண்ணிவிட வேண்டாம். நமக்கும் பணிக்கொடை மொத்தமாகத்தான் வருகிறது. அந்த வாரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி மூத்த ஆசிரியர்கள் கதை கதையாகச் சொல்வர். மேலும், 2024 பிப்ரவரி முதல் அரசுப் பணியில் புதிதாக நியமனம் பெறுவோர்க்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை, ஊழியர் சேமநிதிதான் என்று அறிவிக்கப்பட்டது. பயிற்சிக் கழகங்களிலிருந்து நம் பள்ளிகளுக்கு வரும் இளைய ஆசிரியர்களுக்கு, 1952இன் பால்மரத் தொழிலாளியிடம் பிடித்த அதே சந்தா பிடிக்கப்படும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேமநிதியில் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திருமணத்திற்கு முன் செய்த நியமனம் திருமணத்தால் தானாக மாறிவிடாது. மாற்ற விரும்பினால் மீண்டும் செய்ய வேண்டும். கடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டபோது உயர்ந்த கைகள் மிகச்சில. அடுத்த கூட்டத்திற்கு அறிக்கையைக் கையோடு கொண்டுவருவோருடன், கூட்டம் முடிந்தபின் மூன்றாம் ஆண்டு வகுப்பறையில் அமர்ந்து, ஓய்வுக் கணக்கு எது, நல்வாழ்வுக் கணக்கு எது, நெகிழ்வுக் கணக்கு எது என்று பார்த்துச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.