செவ்வாய்க்குப் போன சாம்பல் அட்டை

சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல போட்டோகிராபர் வேலையை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். மண்டபம் முழுக்க மஞ்சள் பல்பு, ஓரத்துல டியூப்லைட், நடுவுல ஹோமம். வொயிட் பேலன்ஸ் சொதப்பக்கூடாதுன்னு சாம்பல் அட்டையை மாப்பிள்ளை கையில குடுத்து ஒரு படம் எடுத்தேன். மாமா பார்த்துட்டு, "என்ன மாப்ள, பரீட்சை அட்டையா?"ன்னார். சபையே சிரிச்சது.

விஷயம் ரொம்ப சிம்பிள். சாம்பல் நிறத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சமமா இருக்கணும். படத்துல அட்டை மஞ்சளாத் தெரிஞ்சா, அது அட்டையோட குத்தம் இல்லை, வெளிச்சத்தோட வேலை. எவ்வளவு ஏறியிருக்கோ அவ்வளவைக் குறைச்சா எல்லா நிறமும் சரியாயிடும். அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து அத்தனை படத்தையும் சரி பண்ணிட்டேன். வேட்டி பளிச்சுன்னு வெள்ளை!

சித்தி பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஹோமத்து வெளிச்சம் எங்கடா போச்சு?"

பதில் சொல்லத் தெரியல. அப்பதான் இந்தக் கதை ஞாபகம் வந்தது.

1976 ஜூலை 20. நாசாவோட வைக்கிங் 1 செவ்வாயில கிரைஸி சமவெளியில இறங்குது. நம்ம கேமராவுல இருக்கற மாதிரி லட்சக்கணக்கான புள்ளி உள்ள சென்சார் அதுல கிடையாது. சில ஒளி டயோடுகள், முன்னாடி தலையாட்டுற ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். கண்ணாடி ஒரு தடவை தலையாட்டினா படத்துல செங்குத்தா ஒரு கோடு. கேமரா கொஞ்சம் திரும்பும், அடுத்த கோடு. கலர் படம்னா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு டயோடும் தனித்தனியா பார்த்தாகணும்.

கூடவே கலத்தோட மேல்தளத்துல பரிசோதனை அட்டைகளையும் பொருத்தி அனுப்பியிருந்தாங்க. சாம்பல் கட்டங்களும் கலர் கட்டங்களும் உள்ள அட்டை. நம்ம பரீட்சை அட்டையோட பெரியப்பான்னு வச்சுக்குங்களேன் :-)

மறுநாள் முதல் கலர் படம் வந்தது. செக்கச்செவேல்னு மண், மேல நீல வானம். அட, நம்ம ஊர்ப் பாலைவனம் மாதிரியே இருக்கேன்னு ஜனங்களுக்கு ஒரே குஷி. அவசரத்துல பேலன்ஸ் பண்ணி வெளியிட்ட படம் அது. அப்புறம் நிதானமா உட்கார்ந்து பார்த்தா எங்கேயோ இடிக்குது. அந்த டயோடுகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்து வாங்கிக்கிட்டு இருந்திருக்கு. அதைக் கழிச்சு, அட்டையோட ஒப்பிட்டு சரி பண்ணினதும் நீலம் காணாமப் போயிடுச்சு. வானம் வெளிறின ரோஸ் கலர்!

காரணம் தூசி. செவ்வாயோட காத்து நம்ம காத்துல நூத்துல ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லை. ஆனா துரு கலந்த மெல்லிய தூசி எப்பவும் அதுல மிதக்குது. அது நீல ஒளியை விழுங்கிடுது.

வானம் ரோஸ்தான்னு விஞ்ஞானி ஜேம்ஸ் பொலாக் அறிவிச்சப்போ பத்திரிகைக்காரங்க கூச்சல் போட்டாங்களாம். செவ்வாயும் பூமி மாதிரியே இருக்கணும்ங்கற நம்ம ஆசைதான் அந்தக் கூச்சல்னு கார்ல் சேகன் சொன்னார். எனக்கு இதுல பிடிச்சது, அட்டைக்கு எந்த ஆசையும் கிடையாது என்பதுதான்.

(அந்தக் கலத்தோட படக்குழுவுக்குத் தலைவரா இருந்தவர் தாமஸ் மட்ச். 1980-ல நம்ம இமயமலையில, நுன் சிகரத்துலேர்ந்து இறங்கும்போது இறந்துபோனார். பிற்பாடு வைக்கிங் 1-க்கு அவர் பேரையே வச்சாங்க.)

அதுக்கப்புறம் செவ்வாயில இறங்கின பல கலங்கள்லயும் கேமராவோட இப்படி ஒரு அட்டையும் போச்சு. 2004-ல இறங்கின ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரெண்டுலயும் அந்த அட்டையே சூரியக் கடிகாரமாவும் இருந்தது. ஒரே தலைவலி, அட்டை மேல தூசி படிஞ்சா அட்டையும் சிவந்து போகும். 2012-ல இறங்கின கியூரியாசிட்டியோட அட்டைக்கு அடியில அதனால காந்தம் வச்சாங்க. காந்தம் தூசியைத் தன் பக்கம் இழுத்துக்கும், நடுவுல ஒரு இடம் சுத்தமா நிக்கும்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. கியூரியாசிட்டி எடுக்கற நிலக்காட்சிகளை நாசா பல சமயம் வொயிட் பேலன்ஸ் பண்ணியும் வெளியிடுது. அதாவது, அந்தப் பாறை நம்ம ஊர் வெயில்ல கிடந்தா எப்படித் தெரியும்னு. பூமியில பாறை பார்த்துப் பழகின புவியியல்காரங்களுக்கு அப்பதான் அடையாளம் சொல்ல சுலபம். அந்தப் படங்கள்ல வானம் மறுபடியும் நீலத்துப் பக்கம் சாயும்! 1976-ல தப்புன்னு தூக்கிப் போட்டதை இப்ப தெரிஞ்சே, காரணத்தோட, சொல்லிட்டுப் பண்றாங்க.

அங்கே சூரியன் மறையும்போது அதைச் சுத்தி நீலமா இருக்கும். 2015 ஏப்ரல்ல கியூரியாசிட்டி அதைக் கலர்லயே படம் எடுத்தது. அந்த நீலத்தைத் "தப்பு"ன்னு நினைச்சுக் கழிச்சா அஸ்தமனமே போச்சு.

சித்தி கேட்டது இதைத்தான். பாறை என்ன நிறம்ங்கறது ஒரு கேள்வி. அங்கே நின்னவனுக்கு எப்படித் தெரிஞ்சதுங்கறது வேற கேள்வி. அட்டை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன்.

நல்லவேளை, ஒரிஜினல் கோப்புகளை அழிக்கல. ரெண்டு ஆல்பமா போட்டுக் குடுத்தேன். தங்கச்சி சரி பண்ணின ஆல்பத்தை எடுத்துக்கிட்டா, அதுலதான் கூரைப்புடவை கடையில பார்த்த அதே அரக்கு நிறத்துல இருக்காம். சித்தி வீட்டு ஹால்ல மாட்டியிருக்கறது ஹோமப் புகையோட மஞ்சளா இருக்கற படம்.

உங்க வீட்டுல எந்தப் படம் மாட்டியிருக்கு? சொல்லிட்டுப் போங்க.