"பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு": முதல் பிறந்தநாளின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்காருங்க.

உங்க வீட்டுலயும் குழந்தையோட முதல் பிறந்தநாளைக் கொண்டாடியிருப்பீங்க. ஹால் புக் பண்ணி, பலூன் கட்டி, சொந்தபந்தம் எல்லாத்தையும் கூப்பிட்டு, கடைசியில கேக் வெட்டுற நேரத்துல பிறந்தநாள்காரர் தூங்கிப் போயிருப்பார். எங்க வீட்டுலயும் அதே கதைதான்.

குழந்தைக்கு அந்த நாள் நினைவிலேயே இருக்காது. இரண்டாவது, மூன்றாவது பிறந்தநாளுக்கு இவ்வளவு தடபுடலும் இருக்காது. அப்புறம் ஏன் முதலாவதுக்கு மட்டும்?

அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 200-க்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஐந்தில் ஒன்று. பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதிவாகாத காலம் அது என்பதையும் சேர்த்து யோசிங்க.

1971-இல் இந்த எண் 129. 2020-இல் இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13.

புள்ளிவிவரம் போரடிக்குதா? என் ஓ.பி.க்கு வாங்க.

எண்பது வயசைத் தாண்டின பாட்டிகளிடம் "எத்தனை பிள்ளைங்க பாட்டி?" என்று கேட்டால் பலர் ஒரே எண்ணாகப் பதில் சொல்ல மாட்டார்கள். "பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு" என்பார்கள். அழுகை இருக்காது. ரேஷன் கார்டு நம்பர் சொல்ற மாதிரி சொல்லிட்டு, முட்டி வலிக்கு மாத்திரை கேட்பார்கள்.

டாக்டர்கள் நாங்களும் இதையே வேற பாஷையில் எழுதுவோம். பாரா 8, லிவிங் 5. பெற்றது, உயிரோடிருப்பது. இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்ததே, இரண்டும் ஒன்றாக இருக்காது என்ற அனுபவத்தால்தான். இன்று என்னிடம் வரும் இளம் தாய்மார்களின் சீட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒரே எண்.

"தங்குறது" என்ற சொல்லைக் கவனிச்சீங்களா? குழந்தை விருந்தாளி மாதிரி வருது. தங்கலாம், தங்காமலும் போகலாம்.

நம்ம இலக்கியத்திலும் இந்தப் பயம் உண்டு. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் அல்ல, மாசக்கணக்கில் எண்ணுகிறது. முதல் பருவம் தாலாட்டு அல்ல, கொஞ்சல் அல்ல. காப்பு. "தெய்வங்களே, இந்தப் பிள்ளையைக் காப்பாத்துங்க" என்ற வேண்டுதல். அது முடிந்த பிறகுதான் ஐந்தாம் மாசத்தில் தலையைத் தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாசத்தில் கைதட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாசத்தில் தளர்நடை போட்டு வரும் வருகை. குழந்தை மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க, ஆச்சரியப்படுவீங்க.

(கே-டிராமா ரசிகர்களுக்கு ஒரு தகவல்: கொரியாவில் குழந்தையின் 100-ஆவது நாளையும் முதல் ஆண்டு நிறைவையும் பெருசா கொண்டாடுறதுக்கும் காரணம் இதேதான்.)

ஊர்ப்பக்கம் இந்தப் பயத்துக்கு வேறு வைத்தியங்கள் இருந்தன. முன்னே பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து குப்பன், குப்பம்மாள் என்று பேர் வைப்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்து, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்"னு உங்களைக் கேலி பண்ணியிருப்பாங்களே, அதோட வேர் இங்கேதான். ஆண் குழந்தைக்கு மூக்கு குத்தி மூக்கன், மூக்கையா என்பார்கள். பிச்சை என்ற பேரும் அப்படித்தான். இந்தப் பேர் உள்ள எல்லாருக்கும் இதே காரணம் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு இதுதான்.

"இது மதிப்பில்லாத பொருள், இதை எடுத்துட்டுப் போய் உனக்கு என்ன லாபம்?" என்று எமனிடம் பேரம் பேசியிருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று சிரிக்க எனக்கு மனசு வரலை. கையில் வேற எதுவுமே இல்லாதவங்க செஞ்சது அது.

என் மகளின் முதல் பிறந்தநாளில், போட்டோகிராபர் அவள் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டைத் துடைக்கச் சொன்னார். என் பாட்டி மறுத்துவிட்டார். "படம் எப்படி வேணா வரட்டும், பொட்டு இருக்கட்டும்" என்றார். ஆல்பம் வந்தபோது எல்லாப் படத்திலும் கன்னம் பளிச்சென்று இருந்தது, கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். என் பாட்டிக்குத் தங்காமல் போனது இரண்டு. ஒன்று பதினோராம் மாசம், வயிற்றுப்போக்கில். எங்களுக்கு அது கேக் வெட்டும் விழா. அந்த ஹாலில் பதினோராம் மாசத்தைத் தாண்டியாச்சா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

சரி, இந்தக் குழந்தைகளையெல்லாம் எது கொண்டுபோனது?

பிறந்த சில நாட்களில் ரண ஜன்னி. அரிவாளாலோ பிளேடாலோ தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலோ சாணியோ வைப்பார்கள். ஒரு வாரத்துக்குள் வாய் இறுகி, குழந்தை பால் குடிக்காது. உடம்பு விறைக்கும். அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து இதை விரட்டின. தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்தது 2015-இல் உறுதியானது. நேற்றுதான் என்று சொல்லணும்.

அப்புறம் பெரியம்மை. 1802 ஜூன் 14-ஆம் தேதி பம்பாயில் இந்தியாவின் முதல் அம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. போட்டுக்கொண்டவர் ராஜாவோ கவர்னரோ இல்லை. அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். பாக்தாத், பாஸ்ரா வழியாக ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று ஏறி ஏறி வந்த மருந்து அது. அன்னாவின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைகளுக்குப் போட்டார்கள். அதே வருஷம் சென்னைக்கும் வந்துவிட்டது. சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கே, 1899-இல் அதைத் தொடங்கியதே அம்மைப்பால் தயாரிக்கத்தான்.

மூன்றாவது, என் பாட்டியின் குழந்தையைக் கொண்டுபோன வயிற்றுப்போக்கு. 1971, வங்கதேசப் போர். எல்லையில் போன்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கி டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 விழுக்காடு அளவில் இருந்த சாவு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் கதை இது. பத்மவிபூஷண் அவருக்கு 2023-இல் கிடைத்தது. அவர் 2022-லேயே காலமாகிவிட்டார்.

1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான் மூன்றையும் பார்த்துக்கொண்டது. இன்றைய இளம் டாக்டர்களில் பலர் தொண்டை அடைப்பானைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி எத்தனை பேர் பிள்ளைகளை அன்று ஸ்கூலுக்கே அனுப்பவில்லை, ஞாபகமிருக்கா? எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அவங்க வீட்டுப் பாட்டியைக் கேட்டிருந்தாலே போதுமே.

போன மாசம் ஒரு இளைஞர், ஒன்றேகால் வயசு மகனைக் காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐ.டி. வேலை. சீட்டில் அவர் பேருக்கு முன்னால் இனிஷியல் 'மூ'. அப்பா பேர் மூக்கன் என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. ஏன் அந்தப் பேர் என்று தெரியுமா என்றேன். தெரியாது என்றார். நான் சொன்னதும், அங்கேயே ஸ்பீக்கரில் போன் போட்டுக் கேட்டார்.

"எனக்கு முன்னாடி மூணுடா. ஒண்ணும் தங்கல. ஏன், இப்ப எதுக்குக் கேக்குற? புள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா, சளிதான்."

பையனுக்கு அடுத்த ஊசி பதினாறாம் மாசம். கார்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். தேதி எழுதிக் கொடுத்தேன்.