பெயரறியாக் கொத்தர்களின் பெருமை

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1964 நவம்பரில் ‘கட்டடக் கலைஞர் இல்லாத கட்டடக்கலை’ என்ற கண்காட்சியைத் திறந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டாடிய கூடத்தில், ஊர்பேர் தெரியாத கொத்தர்களும் குடியானவர்களும் எழுப்பிய வீடுகள் ஏறத்தாழ 200 பெரிய ஒளிப்படங்களாக இடம்பிடித்தன. தொகுத்தவர் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி. வியன்னாவில் பயின்றவர், ஏகியன் கடல் தீவுகளின் கட்டட முறையை ஆராய்ந்து 1931இல் முனைவர் பட்டம் பெற்றவர். வால்டர் குரோப்பியஸ், கென்சோ டாங்கே போன்ற கட்டடக்கலை மேதைகள் அவருடைய முயற்சிக்குப் பரிந்துரை வழங்கினார்கள். பெருந்தச்சர்கள் எளிய தச்சருக்குச் செய்த மரியாதை அது.

படங்கள் சொன்ன செய்தி வியப்புக்குரியது. கவுன்ட் காஸ்டெல் என்பவர் வானூர்தியிலிருந்து எடுத்த சீனப் படத்தில் வயல்வெளி நடுவே கறுப்புச் சதுரங்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் காற்றடி வண்டல் மண்ணில் குடைந்த வீட்டின் முற்றம். கீழே குடும்பம், மேலே உழவு. சிந்து மாகாணத்து ஹைதராபாத் படத்திலோ கூரைதோறும் காற்றுவாரிகள். அங்கே கோடையில் காற்று பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வீசுவதால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. அறைக்கு ஒன்றாக அமைந்து, மாடி வீடுகளில் கீழ்த்தளம் வரை காற்றை இறக்கின.

தமிழ் படித்தவருக்கு இங்கே சங்கப் பாட்டான நெடுநல்வாடை நினைவுக்கு வராமல் இராது. அதில் நக்கீரர் அரண்மனையின் அழகை மட்டும் பாடி நிறுத்தவில்லை. நண்பகலில் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறித்து, நூல்பிடித்து மனை வகுத்த முறையையும் பாட்டிலேயே பதித்தார். வகுத்தவரின் பெயர் இல்லை. அவருடைய அறிவு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டாக நிற்கிறது.

அந்தச் செய்முறைதான் ருடோஃப்ஸ்கியின் கண்காட்சியில் குறைந்தது. படங்கள் வடிவத்தின் பேரழகை அள்ளித் தந்தன. யார் மண் குழைத்தார், சுவர் எத்தனை கனம், எந்த மாதம் எந்த அறையில் படுத்தார்கள் என்பவை பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டன. ஆயினும் அக்கண்காட்சி பதினோரு ஆண்டு ஊர் ஊராகச் சென்றது. கட்டடக்கலை மாணவர் ஒரு தலைமுறையின் பார்வையைத் திருப்பியது. அந்தத் தொண்டுக்கு ஈடில்லை.

இனி இத்தகைய கண்காட்சி அமைப்போர் ஒவ்வொரு படத்தின் அருகிலும் வீட்டின் தரைப்படத்தையும், கட்டுப்பொருளின் மாதிரியையும், வாழ்ந்தவரின் சொல்லையும் வைக்க வேண்டும். பழைய வீடு உடையவர்கள் அதை இடிக்குமுன் படமெடுங்கள். கட்டிய கொத்தனாரின் பெயர் தெரிந்தால், படத்தின் பின்புறம் இன்றே எழுதி வையுங்கள்.