சுவத்துல இரும்பு நட்சத்திரம்

ஊட்டி, குன்னூர் பக்கம் போறவங்க பழைய செங்கல் கட்டிடத்தைப் பார்த்தா, கூரைக்குக் கொஞ்சம் கீழே வெளிச்சுவரையும் பாருங்க. வட்டமாவோ நட்சத்திரமாவோ ஒரு இரும்புத் தகடு, நடுவுல ஒரு நட்டு இருந்தா அது அலங்காரம் இல்லை மக்களே. அந்த வீட்டோட அரைஞாண்கயிறு!

சரிவான கூரை ரெண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். சுண்ணாம்புக் காரையில கட்டின செங்கல் சுவர் மேலேர்ந்து வர்ற பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டுல தள்ளினா வயிறு தள்ளிடும். அதனால குறுக்கே ஒரு இரும்புக் கம்பியை ஓட்டி, ரெண்டு முனையிலயும் தகடு வச்சு நட்டால இறுக்கிடுவாங்க. தகடு அகலமா இருந்தாத்தான் இழுப்பு பல செங்கல்லுக்குப் பரவும். இல்லைன்னா நட்டு செங்கல்லை நொறுக்கிட்டு உள்ளே போயிடும்.

மலைக்கு ரொம்பத் தோதான சாமான் இது. ரயில் குன்னூருக்கு வந்தது 1899ல, ஊட்டிக்கு 1908ல. அதுக்கு முன்னாடி பெரிய இரும்பு உத்தரத்தை மாட்டுவண்டியில ஏத்துறதைவிட கம்பியும் தகடும் சுலபம்தானே?

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை பாரிஸ்ல நடந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக் கட்டிடத்துல சுவரெல்லாம் வெளியே சாய ஆரம்பிச்சுது. மொலார்ங்கறவர் குறுக்கே கம்பிகளை ஓட்டி, ஒண்ணு விட்டு ஒண்ணா சூடு பண்ணினார். கம்பி நீண்டதும் நட்டை முறுக்கினார். ஆறினதும் கம்பி சுருங்கி சுவரை உள்ளே இழுத்துச்சு. 10 மீட்டர் கம்பியை 100 டிகிரி சூடாக்கினா நீள்றது சுமார் 12 மில்லிமீட்டர்தான். ஆனா திரும்பத் திரும்பப் பண்ணி சுவரை நிமிர்த்திட்டார்!

அமெரிக்காவுல சார்ல்ஸ்டன் நகரத்துல 1886 ஆகஸ்ட் 31 பூகம்பத்துக்கு அப்புறம் நிறைய வீடுகளை இப்படித்தான் இழுத்துக் கட்டினாங்க. பேரே பூகம்ப போல்ட். சில வீட்டுல தகடு தெரியாம சிங்க முகம் வச்சு மறைச்சிருக்காங்க. அலங்காரம்னு ஜனங்க நினைக்கிறதுல தப்பே இல்லை :-)

குன்னூர் பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு பங்களாவுல கூத்தைக் கேளுங்க. ஹோம்ஸ்டே ஆக்குறோம்னு ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போட்டாங்க. குறுக்கே ஓடின ரெண்டு கம்பி அசிங்கமா இருக்குன்னு அறுத்துட்டாங்க. வெளியில இருந்த நட்சத்திரத்தை மட்டும் 'ஹெரிடேஜ் லுக்'னு பெயிண்ட் அடிச்சு பத்திரமா வச்சிருந்தாங்க! ஐப்பசி மழை முடியறதுக்குள்ள சுவர் மூலையில விரல் நுழையற அளவுக்கு விரிசல். இப்ப சாரம் கட்டி, முட்டுக் கொடுத்து, புதுசா கம்பி போட்டுட்டிருக்காங்க.

உங்க ஊர்ல இந்த மாதிரி வீடு இருந்தா, தகட்டைச் சுத்தி துரு கசியுதான்னு பாருங்க. துரு உப்பினா செங்கல் வெடிக்கும். கம்பியில கை வைக்கிறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்ச இன்ஜினியர் யாரையாவது ஒரு தடவை கேட்டுக்கோங்க.