வீட்டுக்காரர் போன பிறகு பாஸ்வேர்டு

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசுக்குப் போய் வருஷா வருஷம் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எண்பதுகள் வரை இங்கே அதுதான் நடைமுறை. அதற்குப் பின்னால் இருந்தது 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி ஒன்றை வைத்திருப்பதே குற்றம் என்றது அது. பாட்டு கேட்கிற பெட்டிதானே என்றெல்லாம் வாதாட முடியாது. காற்றில் போகிற அலை அரசாங்கத்துடையது, அதைப் பிடிக்கிறவன் கணக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்த நிலை வீட்டு இணையத்தைப் பொறுத்தவரை 2005 ஜனவரியில் மாறியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம் வீட்டு வைஃபை ரவுட்டர் மூச்சு விடுவது இந்த அலைவரிசையில்தான். சலுகையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது. உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்லவும் முடியாது. அலை பொதுவாகிவிட்டது. இனி உங்கள் வீட்டு அலையைக் காப்பது உங்கள் பாடு.

அலைக்கு எல்லை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று திருத்தணிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். மண்ணுக்கு எல்லை போடவே எங்கள் ஊருக்கு ஆறரை வருஷம் பிடித்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் வட எல்லைப் போராட்டம், படாஸ்கரின் தீர்ப்பு எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஊர் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கோடு ஒருவழியாகப் போட்டாயிற்று. ஆனால் செல்போன் வந்த புதிதில் அந்தக் கோடு யாருக்குத் தெரிந்தது? ஊரின் வடக்குப் பக்கம் நின்று பேசினால் போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் நின்றபடியே ரோமிங் காசு போகும். “ரெண்டடி இந்தப் பக்கம் வந்து பேசுடா” என்று அப்பா கத்துவார்.

வீட்டு வைஃபையும் இப்படித்தான். சுவர் அதை நிறுத்தாது. எதிர்வீட்டுத் திண்ணை, தெருமுனை டீக்கடை, பக்கத்து மாடி வரை போகும். காற்றில் உங்கள் வீட்டு எல்லை எது என்று சொல்வதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அதுதான் பாஸ்வேர்டு.

இந்த எல்லைக்கோட்டின் அவசியம் நம் நாட்டுக்கு உறைத்தது 2008இல். அந்த ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸ் அதன் ஐ.பி. முகவரியைத் தேடிப் போனபோது நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் அதே பாணியில் வந்த மின்னஞ்சல்களின் தடம் மும்பையில் ஒரு கல்லூரி, ஒரு தனியார் நிறுவனம் என்று போய் முடிந்தது. எல்லாம் அடுத்தவர் வைஃபை. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டாத வைஃபைகளைக் கண்டுபிடிக்கப்போவதாக அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. இன்று இணைப்பு கொடுக்க வருகிற பையன், “பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?” என்று கேட்காமல் போவதில்லை.

எல்லாரும் பூட்டு போட்டோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அது சித்தப்பாவிடம் இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையடிவார வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கியதும், பாஸ்வேர்டு வைத்ததும், எல்லாருடைய போனிலும் அதைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அவர் போன பிறகும் ஒரு வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லை. சித்தியின் பழைய போன் செத்து, புதுப் போன் வாங்கிய அன்றுதான் திரை அந்தச் சொல்லைக் கேட்டது. நவம்பர் மாதம் வேறு. குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று தர வேண்டும். போனிலேயே முகம் காட்டி முடித்துவிடலாம் என்று வாங்கியிருந்தார். வீட்டுக்குள் டவர் சரியாக எடுக்காது.

“அவரு சொல்லியிருப்பாருப்பா. நான்தான் காதுல வாங்கல” என்றார் சித்தி.

இணைப்புக்காரப் பையன் போனில், “ரீசெட் பண்ணிடலாம்ண்ணே. பின்னாடி ஓட்டையில ஊசி வச்சு அழுத்துனா போதும்” என்றான். வேண்டாம் என்று சொன்னேன். ரவுட்டரோடு சம்பந்தப்பட்ட சொற்கள் ஒன்றல்ல, மூன்று. போனும் லேப்டாப்பும் சேர்வதற்கு வைஃபை பாஸ்வேர்டு. ரவுட்டரின் அமைப்பை மாற்ற நிர்வாகி பாஸ்வேர்டு. பல இணைப்புகளில், ரவுட்டர் நிறுவனத்தோடு பேசுவதற்கென்று ஒரு கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும். ஊசி வைத்து அழுத்தினால் பெரும்பாலும் மூன்றுமே போய்விடும். ஒரு சாவியைத் தேடப் போய் வீட்டையே தரைமட்டம் ஆக்கிய கதை. அதுவுமில்லாமல் மறந்தது மனிதர்கள் மட்டும்தான். சித்தப்பாவின் லேப்டாப் மேசையில் இருந்தது. திறந்தால் வைஃபை தானாகச் சேர்ந்தது. அதற்குத் தெரியும்.

அதற்கு ஏன் தெரியும் என்பதுதான் இதில் சுவாரசியமான கேள்வி. வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்தால் வங்கி அதைத் திருப்பிச் சொல்வதில்லை. புதிது வைத்துக்கொள் என்கிறது. வைஃபை மட்டும் எப்படித் திரும்பக் கிடைக்கிறது?

கடவுச்சொல்லின் வரலாற்றில் இரண்டு வம்சங்கள் உண்டு. ஒன்று, பகிர்ந்த சொல். ரோமானியப் படை முகாமில் அன்றைய இரவுக்கான சொல்லை மரப்பலகையில் எழுதி, ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குக் கைமாற்றுவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் விவரிக்கிறார். பலகை இருட்டுவதற்குள் தளபதியிடம் திரும்பி வந்தாக வேண்டும். இதில் கேட்கிற காவலனுக்கும் சொல்கிற வீரனுக்கும் ஒரே சொல் தெரியும்.

கணினியும் இப்படித்தான் தொடங்கியது. அறுபதுகளின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழு, பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை உருவாக்கியபோது ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். எல்லாம் ஒரே கோப்பில் அப்படியே இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். காவலனுக்குச் சொல் தெரிந்தால் காவலனிடமிருந்து திருடலாம்.

அதிலிருந்து பிறந்தது இரண்டாவது வம்சம். காவலனுக்கே சொல் தெரியாது. சொல்லை அரைத்து மாவாக்கி, மாவை மட்டும் வைத்துக்கொள்வது. நீங்கள் சொல்லும்போது மறுபடி அரைத்து, மாவோடு மாவை ஒப்பிடுவது. மாவிலிருந்து அரிசி வராது. யூனிக்ஸில் இதை எப்படிச் செய்தோம், ஏன் செய்தோம் என்று ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடம். ஒழுங்கான வங்கியும் இணையதளமும் இந்த வம்சம்.

வைஃபை ஒரு விசித்திரம். அது பழைய ரோமானிய வம்சம். இங்கே லேப்டாப் காவலன் அல்ல, ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று சொல் தெரியும் என்று நிரூபிக்க வேண்டிய வீரன். நிரூபிக்க வேண்டியவன் அதை மறக்க முடியாது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையில், நாம் தட்டுகிற சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து ஒரு சாவி செய்கிறார்கள். அந்தச் சாவி லேப்டாப்பிலும் இருக்க வேண்டும், ரவுட்டரிலும் இருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி அரைத்த சாவியை மட்டும் வைத்துக்கொள்ளும். தேடினால் 64 இலக்கம் கிடைக்கும், மனிதர் வைத்த சொல் கிடைக்காது. பிற்கால விண்டோஸ் சொல்லையே குறியாக்கம் செய்து வைக்கிறது. நிர்வாகி உரிமை இருப்பவர் வைஃபையின் பண்புகளைத் திறந்து, பாதுகாப்புப் பக்கத்தில் ‘எழுத்துகளைக் காட்டு’ என்ற கட்டத்தைத் தொட்டால் போதும். மேக் கணினியில் அது சாவிக்கொத்தில் இருக்கும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, கட்டம்கட்டமான கியூ.ஆர். படமாகவே காட்டிவிடும். ஐபோன் 2022 வரை காட்டாமல் வைத்திருந்தது.

கட்டத்தைத் தொட்டேன். புள்ளிகள் எழுத்தாயின. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது அவரு பி.எஃப். நம்பராச்சே. பென்ஷன் பேப்பர்ல இருக்கே.”

ஆயுள் சான்றுக்காக எடுத்து வைத்த அதே பையில் அந்தக் காகிதம் இருந்தது. சான்று அன்று சாயங்காலமே முடிந்தது.

சித்தப்பா யோசித்துத்தான் வைத்திருக்கிறார் என்று பிறகு தோன்றியது. ஊரில் பாதி வீட்டில் பாஸ்வேர்டு வீட்டுக்காரரின் செல்போன் எண். பத்து இலக்கம், பெரிய பூட்டு என்று நினைக்கிறார்கள். ஆனால் நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். ரவுட்டரும் போனும் கைகுலுக்குவதைக் காற்றில் ஒருமுறை பதிவு செய்துகொண்டவருக்கு, நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதித்தாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 இந்த ஓட்டையை அடைக்கிறது. நம் வீட்டுப் பழைய ரவுட்டர் பலவற்றில் அது இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. சித்திக்குச் சொல்லைத் திருப்பிக் கொடுத்த அதே வசதி, பழைய லேப்டாப்பை அழிக்காமல் விற்றால் வாங்கியவருக்கும் கொடுக்கும். அதனால் அந்த லேப்டாப் வேறு கைக்குப் போகிற அன்று பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டினால் திட்டுவார்கள். வீட்டு வைஃபைக்கு அந்த விதி பொருந்தாது. தெருவில் காரில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் அலை எட்டும், பீரோவுக்குள் இருக்கிற காகிதம் எட்டாது. யாராலும் ஊகிக்க முடியாத நீளமான சொல் ஒன்றை வைத்து, தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கிற பையில் போட்டு வையுங்கள். கூடவே ரவுட்டரின் மற்ற இரண்டு சொற்களையும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.