பல்லைப் பிடுங்கியாச்சு... அடுத்த சில நாள்கள் ஏன் முக்கியம்?

"இந்தப் பல்லை எடுத்துடணும்" என்று பல் மருத்துவர் சொன்னதும் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வரும்? ஊசி. அப்புறம் அந்தக் குறடு. ஆனால் நாற்காலியில் இருக்கும் நேரத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம்.

நாற்காலியில் என்ன நடக்கும்?

முதலில் ஈறு மரத்துப்போக ஊசி. அதன் பிறகு வலி தெரியாது, அழுத்தம் மட்டும் நன்றாகவே தெரியும். பயந்துவிடாதீர்கள். பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. மெல்லிய நார்கள் இரண்டையும் பிணைத்து வைத்திருக்கின்றன. மருத்துவர் பல்லை முன்னும் பின்னும் அசைத்து அந்த நார்களைத் தளர்த்தி, குழியைக் கொஞ்சம் அகலமாக்குகிறார். பெயர்தான் 'பிடுங்குவது'. உண்மையில் இழுப்பதைவிட அசைப்பதுதான் அதிகம். அழுத்தம் போய் வலியே தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

ஞானப்பல் என்றால் கதை வேறு. பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் இந்தப் பல், இடமில்லாமல் சாய்ந்து ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது ஈறைக் கீறி, சில நேரம் பல்லைத் துண்டாக்கி, எடுத்துத் தையல் போடுவார்கள். கீழ்த்தாடையில் அதன் அருகே ஒரு நரம்பு ஓடுவதால்தான் முன்கூட்டியே எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

குழியில் உறையும் ரத்தம்

பல் போன இடத்தில் ரத்தம் உறைந்து குழியை மூடும். அதுதான் இயற்கை போடும் பிளாஸ்டர். துணிப்பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடிக்கச் சொல்வது அதற்காகத்தான். 'நின்னுடுச்சா' என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள்.

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்க வேண்டாம், பலமாகத் துப்பவும் வேண்டாம். பபிள் டீ ஆசையா? ஸ்டிராவில் உறிஞ்சினால் உறைந்த ரத்தம் பெயர்ந்து வரலாம். சிகரெட் அதைவிட மோசம்: உறிஞ்சுவது ஒரு பக்கம், புகை காயம் ஆறுவதைத் தாமதமாக்குவது இன்னொரு பக்கம். ஆறிய கஞ்சி, மென்மையான இட்லி, தயிர்சாதம் போதும். மொறுமொறு தோசை, சூடான தே தாரிக் எல்லாம் காத்திருக்கட்டும். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

மூன்றாம் நாள் வலி

எச்சில் ஒரு நாள் இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம். வலியும் நாளாக ஆகக் குறைய வேண்டும். ஆனால் குறைந்துகொண்டே வந்த வலி, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறி, காதுவரை விண்விண்ணென்று தெறிக்கிறதா? வாயில் கெட்ட வாடையா? உறைந்த ரத்தம் விலகி எலும்பு வெளியே தெரியும் 'டிரை சாக்கெட்' ஆக இருக்கலாம். பனடோலைப் போட்டுச் சமாளிக்காமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி நன்றாகவே குறையும். அந்த மருந்தில் பெரும்பாலும் கிராம்பு எண்ணெயின் சாரம் இருக்கும். பாட்டி சொன்னது சும்மா இல்லை! அதற்காகக் கிராம்பை நீங்களே காயத்துக்குள் திணிக்க வேண்டாம்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், பஞ்சைக் கடித்தும் நிற்காத ரத்தம் என்றாலும் உடனே மருந்தகத்தை அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு.

மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?

வீட்டில் யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சொத்தைப் பல்லோடு மாதக்கணக்கில் இருப்பதுதான் ஆபத்து.

செலவு எப்படி?

சிங்கப்பூரில், அறுவை சிகிச்சையாகச் செய்யப்படும் பல் அகற்றலுக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம். பெற்றோரின் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். சாதாரணமாகப் பிடுங்குவதற்கு அது பொதுவாகக் கிடையாது. ஆனால் நீல நிறச் 'சாஸ்' அட்டை உள்ளவர்களுக்கு மானியம் உண்டு. உங்கள் பல் எந்த ரகம் என்பது எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் தெரியும். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.